மருத்துவமனையும் எழுதுகோலும்

மருத்துவமனை என்றவுடன் நம் மனக்கண்முன் சில காட்சிகள் தோன்றும். வெள்ளை அங்கி அணிந்த டாக்டர், மருந்தின் நெடி, வரிசையாகக் கிடக்கும் கட்டில்கள் ஆகியவை அவை. எழுதுகோலை யாரும் நினைப்பதில்லை. ஆயினும் உயிரைக் காக்கும் கருவிகளுள் அதுவும் ஒன்று என்பது சற்றே எண்ணிப் பார்த்தால் விளங்கும்.

மும்பையில் தாராவிக்கும் மாதுங்காவுக்கும் அண்மையில், செம்பூர்வாசிகளும் எளிதில் வந்து சேரத்தக்க இடத்தில், சயான் மருத்துவமனை இருக்கிறது. லோகமான்ய திலகரின் பெயர் தாங்கிய மாநகராட்சி மருத்துவமனை அது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து தாராவியில் குடியேறிய தமிழர்களுக்கு நெடுநாளாகப் பழக்கமான இடம்.

அத்தகைய மருத்துவமனைக்கு ஒருவர் காய்ச்சலோடு செல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஜன்னலில் பெயரைப் பதிந்து 'கேஸ் பேப்பர்' பெறுகிறார். புறநோயாளிப் பிரிவில் ஒரு டாக்டர் அவரைப் பார்க்கிறார். இரத்தம் எடுப்பவர் வேறொருவர். அதைச் சோதிப்பவர் இன்னொருவர். வார்டில் சேர்ந்துவிட்டாலோ, பகலில் ஒரு நர்ஸ், இரவில் ஒரு நர்ஸ். இவ்வாறு பத்துப் பன்னிரண்டு கைகள் மாறி அவர் குணமடைய வேண்டும். இத்தனை பேரும் ஓரிடத்தில் கூடிப் பேசுவது இயலாத காரியம். அவர்களை இணைப்பது அந்தத் தாள் ஒன்றே. 'இவருக்குப் பென்சிலின் ஒத்துக்கொள்ளாது' என்று மாலையில் ஒருவர் எழுதி வைத்த வரி, நள்ளிரவில் ஊசியோடு வரும் மற்றொருவரின் கையைத் தடுத்து நிறுத்துகிறது. அந்த வரி இல்லாதிருப்பின் விளைவு என்னவாகும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

இதே சயான் மருத்துவமனையில் 1989ஆம் ஆண்டு டாக்டர் ஆர்மிடா பெர்னாண்டஸ் என்ற அம்மையார் தாய்ப்பால் வங்கி ஒன்றைத் தோற்றுவித்தார். ஆசியாவிலேயே முதலாவது என்ற பெருமை அதற்கு உண்டு. ஒரு தாய் வழங்கிய பால் சூடேற்றித் தூய்மை செய்யப்பெற்று, சோதிக்கப்பெற்று, உறைநிலையில் காக்கப்பெற்று, குறைமாதத்தில் பிறந்த வேறொரு தாயின் குழந்தையை அடைகிறது. அன்னையின் கருணையும் மருத்துவரின் அறிவும் அதில் இருக்கின்றன. ஆனால் இது எந்த நாளில் பெற்ற பால், சோதனையில் தேறியதா என்று அறிவிக்கும் சீட்டு புட்டியின்மேல் இல்லையேல், அந்தப் பாலை எந்தக் குழந்தைக்கும் துணிந்து புகட்ட இயலாது.

எழுத்து, கைக்குக் கை செய்தி சொல்வதோடு நிற்பதில்லை. புதிய உண்மைகளையும் உலகுக்கு அளிக்கிறது. மாதுங்காவிலிருந்து சிறிது தெற்கே சென்றால் பரேலில் கே. இ. எம். மருத்துவமனை உள்ளது. அங்கே டாக்டர் பெண்டேயும் அவருடைய தோழர்களும் விந்தையான இரத்தம் ஒன்றைக் கண்டனர். எவருக்கும் பொதுவாகக் கொடுக்கத்தக்கது எனப்படும் 'ஓ' வகை இரத்தமும் அதனோடு ஒத்துப்போகவில்லை. 'ஓ' வகையில்கூடக் காணப்படும் 'எச்' என்ற பொருள் அதில் இல்லாமையே காரணம். வேலை மிகுந்த மருத்துவமனையில், "ஏதோ சோதனைப் பிழை" என்று அதை ஒதுக்கிவிடுவது எளிது. அவர்கள் ஒதுக்கவில்லை. லண்டன் அறிஞர்களோடு சேர்ந்து ஆராய்ந்து, 1952இல் 'லான்செட்' என்ற மருத்துவ இதழில் எழுதினார்கள். இன்று உலகெங்கும் 'பம்பாய் இரத்த வகை' என்று அது வழங்குகிறது. அந்த இரத்தம் உடையோர் மிக அரியர். அவர்களுக்கு அதே வகை இரத்தத்தையே தேடித்தர வேண்டும் என்று மருத்துவர்கள் அறிந்திருப்பது அந்த எழுத்தின் பயனன்றோ!

மும்பை டாக்டர் ருஸ்தம் ஜல் வகீலின் கதையும் இதற்கு ஒப்பானதே. சர்ப்பகந்தி என்னும் மூலிகை நம் நாட்டில் பல காலமாக வழக்கில் இருந்தது. இரத்தக் கொதிப்புக்கு அது பயன்படுவதை அவர் தம் நோயாளிகளிடம் கவனித்து, அளந்து, குறித்து, 1949இல் ஆங்கில நாட்டு இருதய நோய் இதழில் வெளியிட்டார். அதன் பின்னரே மேலைநாட்டு மருத்துவர்கள் அதனை ஊன்றி நோக்கலாயினர்.

இதற்கு நேர்மாறான நிகழ்ச்சி ஒன்று வியன்னாவில் உண்டு. மருத்துவர்கள் குளோரின் கலந்த நீரில் கைகழுவினால் பிரசவித்த தாய்மார்களின் சாவு குறையும் என்று செம்மல்வைஸ் 1847இலேயே செய்து காட்டினார். ஆனால் தம் கருத்தை விரிவான நூலாக வெளியிட்டது 1861இல்தான். அவரை எதிர்த்தவர்களின் பிடிவாதமும் பெரிது; எனினும் அவர் எழுதாதிருந்த ஆண்டுகள் அந்தப் பிடிவாதத்திற்குத் துணை செய்தன. அதற்கு விலை கொடுத்தவர்கள் தாய்மார்களே.

"வாசலில் நூறு பேர் நிற்கும்போது, நோயாளியைப் பார்ப்பதா, உட்கார்ந்து எழுதுவதா?" என்று ஓர் இளம் டாக்டர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் எழுதுவது என்பது பார்ப்பதன் ஒரு பகுதியே. 'வயிற்றுவலி' என்று எழுதத் தொடங்கியவுடன், எந்தப் பக்கம், எத்தனை நாளாக, உண்ட பின்பா, உண்ணும் முன்பா என்ற வினாக்கள் தாமே எழுகின்றன. எழுத முற்படும்போதுதான் நாம் அறியாதது எது என்பது நமக்கே புலனாகிறது. அன்றியும், நாள்தோறும் துன்பத்தையும் சாவையும் கண்டு வரும் உள்ளத்தில் ஒருவகைச் சுமை சேர்கிறது. நோயாளியின் பெயரையும் அடையாளத்தையும் மறைத்து, அன்று கண்டதை அரைப்பக்கம் எழுதிவைக்கும் நர்ஸுக்கு அச்சுமை சிறிது குறையும். கட்டிலில் கிடப்பது எண் அன்று, மனிதர் என்ற நினைவும் மங்காது.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எனக்கு, சொல்லத் தோன்றுவது மேலும் ஒன்று உண்டு. மருந்துகளின் பொதுப்பெயரைத் தெளிவாக, இயன்றவரை பெரிய எழுத்துகளில் எழுத வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சில் 2016இல் விதியைத் திருத்தியது. நல்ல விதி. ஆயினும், தெளிவான கையெழுத்து மட்டும் போதாது. சீட்டில் '1-0-1' என்று இருந்தால், காலையில் ஒன்று, நண்பகலில் இல்லை, இரவில் ஒன்று என்று டாக்டருக்குத் தெரியும்; மருந்துக்கடைக்காரருக்குத் தெரியும். தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த தாராவிப் பாட்டிக்கு யார் சொல்வது? காசநோய்க்கு மாதக்கணக்கில் மருந்துண்ண வேண்டும். இருமல் நின்றவுடன் மருந்தையும் நிறுத்தினால் நோய் முன்னிலும் வலுவாகத் திரும்பக்கூடும். 'இருமல் நின்றாலும் மருந்தை நிறுத்தாதீர்கள்' என்ற வரி அவரவர் மொழியில், மராத்தியிலோ இந்தியிலோ தமிழிலோ, சீட்டில் இருக்குமானால், மருத்துவமனையின் பராமரிப்பு வாசலோடு முடிந்துவிடாமல் வீடுவரை உடன் செல்லும்.

ஆகவே, மருத்துவக் கல்லூரிகளிலும் செவிலியர் பள்ளிகளிலும் நாடி பிடிக்கக் கற்பிப்பதுபோலவே எழுதவும் கற்பிக்க வேண்டும். அலங்கார நடை வேண்டா. கண்டதைக் கண்டவாறு, அடுத்தவர் ஐயமின்றி அறியுமாறு எழுதினால் போதும். நோயாளிகளாகிய நமக்கும் ஒரு கடமை உண்டு. மருத்துவமனைச் சீட்டுகளைத் தேதி வரிசையில் அடுக்கிப் பாதுகாப்போம். எழுதியது புரியவில்லை எனில் கூச்சமின்றிக் கேட்போம்.