பெயர் எழுதிய உறைகள்

(வானொலியில் ஒலிபரப்பான மறையுரையின் எழுத்து வடிவம்)



புத்தாண்டுக்குள் நுழைந்திருக்கிறோம். நள்ளிரவுத் திருப்பலியில் இறைவனுக்கு நன்றி கூறினோம். புதிய நாள்காட்டியைச் சுவரில் மாட்டினோம். அதில் ஏப்ரல் 15ஆம் நாளைக் கடலோரத்தில் வாழும் நாம் யாரும் மறப்பதில்லை. அன்று தொடங்கி ஜூன் 14 வரை 61 நாள்கள், கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் கரையில் நிற்கும். மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலம் என்பதால் அரசு விதித்துள்ள தடை அது. தடை முடியும் முன்பே பள்ளிக்கூடம் திறந்துவிடும். வருமானம் நின்றிருக்கும் அதே நாள்களில் கட்டணம், சீருடை, நோட்டுப் புத்தகம் என்று செலவு கதவைத் தட்டும்.

ஒரு ஜூன் மாதத்தில் நாம் சந்திக்கச் சென்ற ஒரு வீட்டில், ஒரு தாய் கழுத்தைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டே பேசினார். பிள்ளைகளின் படிப்புக்காகச் சங்கிலியை அடகு வைத்திருந்தார். "20,000 ரூபாய், மூன்று வட்டி, சாமி. மாசம் 600. ரெண்டு வருசமா வட்டி மட்டும்தான் கட்டுறோம்" என்றார். கணக்குப் போட்டுப் பார்த்தோம். வட்டியாக மட்டும் 14,400 ரூபாய் போயிருந்தது. முதல் அப்படியே நின்றது. சங்கிலியும் திரும்பவில்லை. அதைவிட நம்மை வருத்தியது அவர் அடுத்துச் சொன்னது: "வெறுங்கழுத்தோட பூசைக்கு வரக் கூச்சமா இருக்கு, சாமி."

கடன் பணத்தை மட்டும் பறிப்பதில்லை. ஒரு தாயைத் தன் கோயிலின் வாசலுக்கு வெளியே நிறுத்திவிடுகிறது. அதனால்தான் வீட்டுக் கணக்கைப் பற்றி இன்று மறையுரையில் பேசுகிறோம்.

தொடக்கநூல் 41ஆம் அதிகாரத்தில் யோசேப்பைப் பார்க்கிறோம். ஏழு ஆண்டுகள் நல்ல விளைச்சல், பின் ஏழு ஆண்டுகள் பஞ்சம் என்று பார்வோனின் கனவுக்கு அவர் பொருள் சொல்கிறார். அத்தோடு நின்றுவிடவில்லை. செழிப்பான ஆண்டுகளில் விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்து வைக்கச் சொல்கிறார். பஞ்சம் வருவதை அறியப் பார்வோனுக்குக் கனவு தேவைப்பட்டது. நமக்கோ அது நாள்காட்டியிலேயே அச்சிட்டு வருகிறது. கடல் தொழில் செய்யாதவர்களுக்கும் இப்படி ஒரு காலம் உண்டு. உப்பளத் தொழிலாளிக்கு அது வடகிழக்குப் பருவமழைக் காலம். மாதச் சம்பளக்காரருக்கு அது பள்ளி திறக்கும் ஜூன்.

"நாளைக்காகக் கவலைப்பட வேண்டாம் என்று ஆண்டவர் போதித்தாரே? களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்ட நினைத்த செல்வனை அறிவிலி என்றாரே?" என்று கேட்கலாம். நல்ல கேள்வி. அந்தச் செல்வனின் திட்டத்தைக் கவனியுங்கள். என் விளைச்சல், என் களஞ்சியம், என் உயிர் என்பதைத் தவிர அதில் வேறொருவர் பெயரும் இல்லை. மனைவி இல்லை, பிள்ளை இல்லை, பசித்த அயலார் இல்லை. சேர்த்தது அல்ல, தனக்கென்று மட்டும் சேர்த்ததே அவன் குற்றம். கோபுரம் கட்டுகிறவர் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிட வேண்டும் என்று சொன்னவரும் அதே ஆண்டவர்தான்.

ஆகவே நம் சேமிப்பில் பெயர்கள் இருக்கட்டும். இன்றிரவு குடும்பச் செபமாலை முடிந்ததும் கணவனும் மனைவியும் பிள்ளைகளோடு உட்காருங்கள். ஐந்து காகித உறைகள் எடுத்து, பிள்ளைகளையே எழுதச் சொல்லுங்கள். ஒன்றில் 'தடைக்காலம்'. ஒன்றில் 'பள்ளிக்கூடம்'. ஒன்றில் 'பாட்டியின் மருந்து'. ஒன்றில் 'திருவிழாவும் கிறிஸ்து பிறப்பும்'. ஐந்தாவதில் 'நம்மைவிட இல்லாதவர்'. ஐந்தாவது உறையில் பத்து ரூபாய் இருந்தாலும் போதும். அது இல்லாவிட்டால் மற்ற நான்கும் அந்தச் செல்வனின் களஞ்சியம் ஆகிவிடும்.

எவ்வளவு போடுவது? தடைக்காலத்தில் சாப்பாட்டுக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 61 நாள்களுக்கு 15,250. அரசு தரும் தடைக்கால நிவாரணம் 8,000. மீதி 7,250. ஜனவரி முதல் நாளிலிருந்து தடை தொடங்கும்வரை 104 நாள்கள். ஞாயிறுகளையும் காற்று வீசும் நாள்களையும் கழித்தால், தொழிலுக்குப் போகும் நாள் ஏறத்தாழ 75. நாளொன்றுக்கு 100 ரூபாய்க்கும் சற்றுக் குறைவு. பயமுறுத்திய 61 நாள்கள் இப்போது ஒரு நாளுக்கு ஒரு நூறு ரூபாய்த் தாளாகச் சுருங்கிவிட்டன. மீன்பாடு நன்றாக உள்ள நாளில் இருநூறு போடுங்கள். ஒன்றும் கிடைக்காத நாளில் விட்டுவிடுங்கள். உறையில் சேர்ந்ததை வாரம் ஒரு முறை வங்கியிலோ அஞ்சலகத்திலோ போட்டுவிட்டால், கை நீளாது.

ஒன்று முக்கியம். மிஞ்சியதை எடுத்து வைப்போம் என்றால் மிஞ்சாது. நம் பாட்டிமார் பிடியரிசி எடுத்ததை நினைத்துப் பாருங்கள். உலையில் அரிசி போடும் முன்பே ஒரு பிடியைத் தனியே எடுத்து வைத்தார்கள். சோறு வடித்த பிறகு யாரும் பிடியரிசி எடுக்க முடியாது. பங்குப் பணம் கைக்கு வந்ததும், மதுக்கடை வாசலைக் கடக்கும் முன்பே, முதல் பிடி உறைக்குப் போகட்டும். கடுகு டப்பாவில் சிறுவாடு சேர்த்த தாய்மார் இதை ஒளித்துச் செய்தார்கள். இனி ஒளிக்காமல், கணவனும் மனைவியும் சேர்ந்து செய்வோம்.

எடுத்து வைக்க ஒரு பிடியும் இல்லாத வீடுகள் உண்டு. அவர்களைப் பார்த்து, "சேமிக்கத் தெரியவில்லை" என்று சொல்லும் உரிமை நமக்கு இல்லை. அந்த வீட்டுக்கு நம் ஐந்தாவது உறை போய்ச் சேர வேண்டும்.

பங்காகவும் நாம் மனம் திரும்ப வேண்டியது உண்டு. தடைக்காலம் முடிந்து ஒரு மாதத்திலேயே திருவிழா வரி கேட்டு வீடு வீடாகப் போகிறோம். ஆண்டவரின் பெயரால் கேட்கும் அந்தப் பணத்துக்காகவும் எங்கோ ஒரு தோடு அடகுக்குப் போகிறது. கடல் தரும் மாதங்களில் சிறிது சிறிதாக வாங்கினால் என்ன? அருட்பணியாளர்களாகிய நாங்களும் பங்குப் பேரவையினரும் இதை அமர்ந்து பேச வேண்டும். ஏழையின் கழுத்தை வெறுமையாக்கி மாதாவுக்கு மாலை சூட்டுவது அன்னைக்கு மகிழ்ச்சி தராது.

அன்பார்ந்தவர்களே, உறையில் ஒரு பிள்ளையின் பெயரை எழுதி இன்று நூறு ரூபாய் வைப்பது, வரும் ஜூன் மாதத்துக்கான அன்பை இன்றே கொடுத்து வைப்பதாகும். நாளைய நாள் இறைவன் கையில் இருக்கிறது. இன்றைய ஒரு பிடியை அவர் நம் கையில் கொடுத்திருக்கிறார். அதை நாம் மூடி வைத்துக்கொள்ளாமலும், சிதறவிடாமலும் இருக்க, நாசரேத்து இல்லத்தில் உழைத்துக் குடும்பம் காத்த புனித யோசேப்பு நமக்காக மன்றாடுவாராக. எல்லாம் வல்ல இறைவன் உங்கள் குடும்பங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.