பாம்புக்குட்டிக்கு எவ்வளவு தீனி, எத்தனை நாளுக்கு ஒருமுறை?

இன்றைக்கு ஒரே ஒரு கேள்வி. டெக்சாஸ்ல இருந்து ஒரு நேயர் கேட்டிருக்கார்: "என்கிட்ட மூணு மாசக் கார்ன் ஸ்நேக் குட்டி இருக்கு. வாரம் ஒரு எலிக்குஞ்சு கொடுக்கிறேன். ரெண்டு மூணு நாள்லயே கண்ணாடி ஓரமா சுத்திச் சுத்தி வருது. பசிதானே? இன்னொன்னு போடட்டுமா?"

போடாதீங்க. காரணம் சொல்றேன்.

கார்ன் ஸ்நேக் அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதியில் வாழும், விஷமில்லாத பாம்பு. நம்ம ஊர்ச் சாரை மாதிரி எலி தின்னி. காட்டில் அடுத்த இரை எப்போ மாட்டும்னு தெரியாது. அதனால கிடைக்கும்போது விழுங்கிடும். கொடுத்தா வாங்கிக்குது என்பதற்காக அதுக்குத் தேவைப்படுதுன்னு அர்த்தம் இல்லை. நாம எல்லாம் "இன்னும் ரெண்டு இட்லி வைக்கட்டுமா"ன்னு கேட்கிற வீட்டில் வளர்ந்தவங்க. அந்தப் பாசம் இங்கே உதவாது. நம்ம உடம்பு தன் சூட்டைக் காப்பாத்தவே நிறையச் சாப்பாட்டைச் செலவழிக்குது. பாம்புக்கு அந்தச் செலவு இல்லை. சூட்டை வெளியிலிருந்து வாங்கிக்குது.

முதல்ல அளவு. கண்ணால் பார்க்கிற வழி: பாம்பின் உடம்பு ரொம்பப் பருமனா இருக்கிற இடம் எவ்வளவு அகலமோ, இரையும் அவ்வளவு, மிஞ்சிப்போனா ஒன்றரை மடங்கு. விழுங்கின பிறகு லேசான புடைப்பு தெரிஞ்சா போதும்.

நான் அதிகம் நம்புறது தராசைத்தான். குட்டியின் எடையில் சுமார் 10 முதல் 15 சதவீதம். 7 கிராம் குட்டின்னா, ஒரு கிராம் அளவுள்ள, முடி முளைக்காத எலிக்குஞ்சு. 30 கிராம் ஆனா, 3 முதல் 4.5 கிராம்.

அடுத்து இடைவெளி. குட்டிக்கு 5 முதல் 7 நாள். வளர வளர இடைவெளி கூடணும். முழுசா வளர்ந்த பாம்புக்கு 10 முதல் 14 நாள்.

ஒரு எச்சரிக்கை: இரையைப் பெரிசாக்குற அதே வாரத்தில் இடைவெளியைக் குறைக்காதீங்க. கோடு எழுதுறவங்களுக்குப் புரியும். ரெண்டு மாற்றத்தை ஒண்ணா அனுப்பினா, எது உடைச்சதுன்னு கண்டுபிடிக்க முடியாது.

இங்கே உடையறதுன்னா, பாம்பு இரையைக் கக்குறது. இரை பெரிசா இருந்தா, சூடு பத்தலைன்னா, சாப்பிட்டதும் கையில் எடுத்தா நடக்கும். வயிற்று அமிலமும் சேர்ந்து வந்து உணவுக்குழாயைப் புண்ணாக்கும், உடம்பின் நீரும் போகும். 7 கிராம் உடம்பில் தாங்கிக்க என்ன இருக்கு? திரும்பத் திரும்பக் கக்கினா குட்டி செத்துப்போகலாம்.

அதனால சாப்பிட்ட பிறகு 48 மணி நேரம் தொடாதீங்க. கூண்டின் சூடான பக்கம் சுமார் 29 டிகிரி செல்சியஸ் இருக்கான்னு பாருங்க. கக்கிட்டா, பாவம்னு மறுநாளே தீனி போடாதீங்க. 10 முதல் 14 நாள் தண்ணீர் மட்டும்; அப்புறம் வழக்கத்தைவிடச் சின்ன இரை. மறுபடியும் கக்கினா ஊர்வன பார்க்கிற கால்நடை மருத்துவரிடம் போயிடுங்க.

அப்போ கண்ணாடி ஓரம் சுத்துறது? இருட்டினதும் சுத்திப் பார்க்கிறது அதோட சுபாவமாவும் இருக்கலாம். பதில் அந்த நடையில் இல்லை, எடையில் இருக்கு. என் பாம்புக்கு ஒரு ஸ்பிரெட்ஷீட் வச்சிருக்கேன்: தேதி, பாம்பின் எடை, இரையின் எடை, கழிவு, தோல் உரிச்ச நாள். எடைக்கோடு மெதுவா ஏறினா எல்லாம் சரி. கண் நீலம் பூத்துத் தோல் உரிக்கப் போகும்போது ஒரு வேளை சாப்பிடலைன்னா பயப்பட வேண்டாம். எடை இறங்கிட்டே போனாத்தான் கவலை.

ஊர்ல இருந்து கேட்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை: சாரையைப் பிடிச்சு வளர்க்கலாமேன்னு நினைக்காதீங்க. இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972 படி அது குற்றம்.

டெக்சாஸ் நண்பரே, நாலு வாரம் எடை போட்டு எழுதி வையுங்க. அந்த எண்களை எனக்கு அனுப்புங்க, சேர்ந்து பார்ப்போம். அடுத்த எபிசோடில் சந்திக்கலாம்.