விரிசல் விட்ட பேட்: ஆபத்து அடிக்கிற பையனுக்கா, எதிரே நிற்கிற பையனுக்கா?

இன்னைக்கு நாம பேசப்போறது பேஸ்பால் பற்றி. "நமக்கும் பேஸ்பாலுக்கும் என்னங்க சம்பந்தம்"னு ஹெட்போனைக் கழட்டிடாதீங்க. கேள்வி ரொம்ப எளிமையானது. சின்னப் பசங்க ஆடுற மேட்ச்சில், விரிசல் விட்ட, பள்ளம் விழுந்த பேட்டை எடுத்துட்டு வந்து ஆடலாமா, கூடாதா?

நியூ ஜெர்சியில் இருக்கும் ஒரு நேயர் இதைக் கேட்டிருந்தார். அவர் மகனுக்கு 11 வயசு. காம்போசிட் பேட், கிட்டத்தட்ட 350 டாலர் கொடுத்து வாங்கினது. ரெண்டாவது சீசனில், பந்து படுகிற தடித்த பாகத்தில் தலைமுடி மாதிரி ஒரு கோடு விழுந்திருக்கு. எதிர் டீம் பெற்றோர் ஆட்சேபம் சொன்னாங்களாம். பையனோ, "அப்பா, இந்த பேட்ல இப்போதான் பந்து பறக்குது, மாத்தவே மாட்டேன்"னு அடம். "உடையற பேட்டால நஷ்டம் என் பையனுக்குத்தானே, அவங்களுக்கு என்ன?" என்பது நேயரின் கேள்வி.

நியாயமான கேள்வி மாதிரிதான் தெரியும். ஏன்னா நாம கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவங்க. கிரிக்கெட் பேட் உள்ளே கூடு இல்லாத கட்டை. விரிசல் விட்டா டேப் சுத்தி ஆடுவோம். பந்து முன்ன மாதிரி போகாது, அவ்வளவுதான். ஆனா அந்தப் பையன் சொன்னதைக் கவனிங்க: விரிசல் விட்ட பிறகு பந்து இன்னும் நல்லா பறக்குது. இது அவனோட பிரமை இல்லை. அதுக்குப் பின்னாடி இயற்பியல் இருக்கு.

காம்போசிட் பேட்டின் உள்பக்கம் வெற்றிடம். சுவர், கார்பன் இழைகளை ரெசின் என்கிற பசையால் அடுக்கடுக்காக ஒட்டிச் செய்தது. பந்து மோதும்போது அந்தச் சுவர் கொஞ்சம் உள்ளே அமுங்கி, திரும்ப வெளியே எகிறும். குழந்தைகள் குதிக்கிற டிராம்போலின் மாதிரி. பந்து நசுங்குவதில் வீணாகப் போகும் சக்தியில் ஒரு பங்கை, இந்தச் சுவர் வாங்கி வைத்துத் திருப்பிக் கொடுக்கிறது.

இப்போ அந்த பேட்டால் நூற்றுக்கணக்கான தடவை அடிச்சாச்சு. ரெசினில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் வரும். அடுக்குகள் ஒன்றை ஒன்று விட்டுப் பிரிய ஆரம்பிக்கும். சுவர் இளகும். இளகின சுவர் இன்னும் அதிகமா அமுங்கும், இன்னும் அதிகமா எகிறும். அதாவது பேட் சேதமாவதும் பேட்டின் வேகம் கூடுவதும் ஒரே பாதையில்தான் நடக்குது. முழுசா உடையறதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான் அது உச்சத்தில் இருக்கும். இதைத் தெரிஞ்சுக்கிட்டுச் சிலர் பேட்டை உருளைகளுக்கு நடுவில் வைத்து நசுக்கிச் செயற்கையாவே இளக வைப்பாங்க. 'ரோலிங்' என்று பெயர். அது அப்பட்டமான ஏமாற்று.

2009இல் அமெரிக்கக் கல்லூரி பேஸ்பாலின் முதல் டிவிஷன் சாம்பியன்ஷிப்பில் வீரர்கள் பயன்படுத்தின சில காம்போசிட் பேட்களை எடுத்துச் சோதித்தார்கள். புதுசா இருந்தபோது பாஸ் ஆன மாடல்கள்தான். ஆனா பெரும்பாலானவை அனுமதித்த அளவைத் தாண்டியிருந்தன. அந்த வருஷமே கல்லூரி அளவில் காம்போசிட் பேட்டுக்குத் தடை வந்தது. 2010 கடைசியில் சின்னப் பசங்களுக்கான லிட்டில் லீக்கும் தடை போட்டது. பிறகு வந்த பிபிகார் தரவிதி, கல்லூரிகளுக்கு 2011, உயர்நிலைப் பள்ளிகளுக்கு 2012. அதில் காம்போசிட் பேட்டை வேண்டுமென்றே உருட்டி இளக வைத்து, அப்புறமும் வரம்புக்குள் நிற்குதான்னு பார்க்கிறார்கள். சின்னப் பசங்களுக்கு 2018 முதல் யுஎஸ்ஏ பேட் முத்திரை வந்தது. மர பேட் அளவுக்குத்தான் மற்ற பேட்களும் அடிக்கணும் என்பது நோக்கம்.

"அப்போ முத்திரை இருக்கே, போதாதா?" போதாது. முத்திரை சொல்வது ஆய்வகத்தில் அந்த மாடல் என்ன செய்தது என்பதை. ரெண்டு சீசன் அடி வாங்கி, விரிசல் விட்டு, உங்க பையன் கையில் இருக்கிற இந்த ஒரு பேட் இன்னைக்கு என்ன செய்யும் என்பதை இல்லை.

சரி, வேகம் கூடினா என்ன? யாருக்கு ஆபத்து? பிட்சருக்கு. லிட்டில் லீக்கில் பிட்சர் நிற்கிற இடம் 46 அடி தூரம், அதாவது 14 மீட்டர். பந்தை வீசி முடிக்கும்போது அவன் ஒரு எட்டு முன்னே வந்திருப்பான். 13 மீட்டர்னு வைங்க. மணிக்கு 120 கிலோமீட்டரில் பந்து திரும்பி வந்தா 0.39 விநாடி. அதுவே 130 ஆனா 0.36 விநாடி. "அட, 0.03 விநாடிதானே!" எனத் தோணும். ஆனா பந்தைப் பார்த்து, மூளை புரிஞ்சு, கை அசையத் தொடங்கவே ஏறக்குறைய கால் விநாடி ஆயிடும். மிச்சம் இருக்கிற துளி நேரத்தில்தான் கையுறையை முகத்துக்கு நேரே கொண்டு வரணும். அந்தத் துளியிலிருந்துதான் இந்த 0.03ஐ எடுக்கிறோம். பேட்டால் அடிபட்டுத் திரும்பி வந்த பந்து தலையில் பட்டு இளம் பிட்சர்கள் இறந்தது உண்மையிலேயே நடந்திருக்கு. 2003இல் மான்டானாவில் 18 வயது பிட்சர் ஒருவர் அப்படித்தான் இறந்தார். அது சேதமான பேட் இல்லை, அலுமினிய பேட். ஆனா அந்தத் தூரத்தில் வேகம் என்ன செய்யும் என்பதற்கு வேறு விளக்கம் வேண்டாம்.

அலுமினியத்தின் கதை கொஞ்சம் வேறே. பள்ளம் விழுந்தா பொதுவா வேகம் கூடாது. ஆனா பள்ளத்தின் விளிம்பில் விரிசல் விடலாம். கூர்மையான ஓரம் பந்தின் தோலைக் கிழிக்கலாம். மர பேட்டில் ஆபத்து வேறு மாதிரி: விரிசல் விட்டது அடுத்த அடியில் ரெண்டாகி, ஒரு துண்டு பறக்கும்.

இப்போ விதிகளைப் பார்ப்போம். இங்கேதான் எனக்கு விஷயம் சுவாரசியமாச்சு. லிட்டில் லீக் விதி, மரமல்லாத பேட்டில் அவ்வப்போது பள்ளம் விழும்னு ஒத்துக்கொள்கிறது. அம்பயர் கையில் ஒரு வளையம் இருக்கும். பேட் அதில் நுழையலைன்னா வெளியே. நுழைஞ்சா, பள்ளம் இருக்கு என்பதற்காக மட்டும் ஒதுக்கமாட்டாங்க. உயர்நிலைப் பள்ளி விதி இன்னும் கறார்: உடைந்த, விரிசல் விட்ட, பள்ளம் விழுந்த பேட் எதுவானாலும் ஆட்டத்திலிருந்து எடுக்கணும். ஆனா தண்டனை கிடையாது. வேணும்னே மாற்றியமைத்த பேட்டைக் கொண்டு வந்தால்தான் பேட்டர் அவுட்.

என் கட்சி இந்த இரண்டாவது விதிதான். வளையம் அளப்பது பேட்டின் பருமனை மட்டும். அடுக்கு பிரிஞ்சு இளகின காம்போசிட் பேட், வளையத்தில் அழகா நுழைஞ்சு வெளியே வரும். அதோட, 'தண்டனை இல்லை' என்பது ரொம்பப் புத்திசாலித்தனம். பையன் ஏமாத்தினானா, தானா உடைஞ்சதான்னு மைதானத்தில் விசாரணை நடத்த வேண்டாம். "தம்பி, இதை வெச்சிட்டு வேற எடுத்துட்டு வா." முடிஞ்சது. யாருக்கும் அவமானம் இல்லை.

எதிர்வாதமும் இருக்கு, அதைத் தள்ளிவிட முடியாது. முதலாவது, பெயின்ட்டில் விழுந்த கீறலையும் நிஜ விரிசலையும் அம்பயரால் பிரிச்சுச் சொல்ல முடியுமா? எப்பவும் முடியாது. ஆனா சில அறிகுறிகள் உண்டு. நகத்தால் தடவினா தட்டுப்படும் கோடு, 'டங்' என்று கேட்ட சத்தம் 'தொப்' என்று மங்குவது, உள்ளே ஏதோ குலுங்குவது, நுனி மூடி ஆடுவது. சந்தேகம் வந்தா எடுத்துடணும். தப்பா எடுத்துட்டா போகப்போவது ஒரு மேட்ச்சுக்கு ஒரு பேட். தப்பா விட்டுட்டா போகப்போவது என்னன்னு மேலே பார்த்தோம்.

இரண்டாவது, பணம். இதுதான் நிஜமான சிக்கல். 350 டாலர் எல்லா வீட்டுக்கும் ஒண்ணு இல்லை. பேட்டை எடுத்துட்டா அந்தப் பையன் ஆடவே முடியாதுன்னா, விதி பணக்காரப் பிள்ளைகளுக்குச் சாதகமாயிடும். அதனால விதியோடு சேர்த்து, ஒவ்வொரு டீமிலும் பொதுவான நல்ல பேட் ரெண்டு மூணு இருக்கணும். சாதாரண ஒற்றைத் துண்டு அலுமினிய பேட், காம்போசிட் விலையில் சின்னப் பங்குதான். ரெண்டு சீசன் தாராளமா உழைக்கும்.

நியூ ஜெர்சி நேயருக்கு என் பதில் இது. முதல்ல வாரண்டி இருக்கான்னு பாருங்க. பல கம்பெனிகள் ஒரு வருஷம் தர்றாங்க. இருந்தா மாத்திக்கோங்க. இல்லைன்னா அந்த பேட்டை வீட்டுப் பயிற்சிக்குக்கூட வைக்காதீங்க, ஏன்னா அங்கே பந்து போடப்போறது நீங்க! மகன் கேட்டா மறைக்காம சொல்லுங்க: பேட் நல்லா அடிக்குது, அதனாலதான் நிறுத்துறோம். 11 வயசுப் பிள்ளைக்கு அது புரியும். அடுத்த இன்னிங்ஸில் பிட்சர் இடத்தில் அவனே நிற்கலாம் இல்லையா?

நீங்க என்ன நினைக்கிறீங்க? பசங்க விளையாட்டில் அம்பயருக்கு இவ்வளவு அதிகாரம் தேவையா, பெற்றோரே பார்த்துக்கலாமா? எழுதுங்க, அடுத்த எபிசோடில் வாசிக்கிறேன்.