யார் கையில் கேமரா

(பெரியநாயக்கன்பாளையத்தில் மாணவர்களும் தோழர்களும் கூடிய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



மேடைப் பேச்சு எனக்கு வராதுங்க. ஒன்பதாவது, பத்தாவது படிக்கிற பிள்ளைகளுக்கு ஞாயித்துக்கிழமையில போட்டோ எடுக்கவும் கம்ப்யூட்டர்ல படம் வரையவும் சொல்லிக் கொடுக்கறவன் நான். 'சோத்துக்கே அல்லாடற சனத்துக்குப் போட்டோ எதுக்கு?' என்று நம் தோழர்களே கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்விதான். எனக்குத் தெரிந்த பதிலைச் சொல்கிறேன்.

முதல் வகுப்பில், வீட்டில் ஒருவரைப் படம் எடுத்து வரச் சொன்னேன். கேமராவெல்லாம் கிடையாது. 2020இல் கொரோனா அடைப்பின்போது ஆன்லைன் வகுப்புக்காகக் கடன்பட்டு வாங்கின செல்போன்தான். ஒரு பொண்ணு அம்மாவை எடுத்துட்டு வந்துச்சு. முகம் சுண்ணாம்பு அடிச்ச மாதிரி வெள்ளை. 'ஏங்கண்ணு, உங்கம்மா இப்பிடியா இருக்காங்க?' என்றேன். 'இல்லீங்ணா, ஃபில்டர் போட்டேன். இல்லாட்டி கருப்பா உழுகுது, முகமே தெரியல.'

அந்தப் பிள்ளை சொன்னது பொய் இல்லை. கேமராவுக்குள் இருக்கும் மீட்டர், காட்சி முழுவதையும் நடுத்தரச் சாம்பல் நிறமாக வைத்துக் கணக்குப் போடுகிறது. பின்னால் வெள்ளைச் சுவரோ வானமோ இருந்தால் வெளிச்சத்தைக் குறைத்துவிடும். கருத்த முகம் இருட்டில் போய்விடும். தப்பு கணக்கில். பழி நம்ம தோலுக்கு!

கோடாக் கம்பெனிக்காரன் 1950களில் கலர் படத்தின் நிறத்தைச் சரிபார்க்க ஸ்டூடியோக்களுக்கு ஓர் அட்டை அனுப்பினான். அதில் இருந்தவள் வெள்ளைக்காரப் பெண். அவள் தோல் சரியாக வந்தால் எல்லாம் சரி. பிற்பாடு பழுப்பு நிறங்கள் சரியாக விழவில்லை என்று சாக்லேட் கம்பெனிகளும் மரச்சாமான் கம்பெனிகளும் புகார் செய்த பிறகே பிலிமைத் திருத்தினார்கள் என்று அந்தக் கம்பெனியில் இருந்தவர்களே பின்னால் சொல்லியிருக்கிறார்கள். மனுசன் முகத்துக்காகத் திருத்தல, மேசை நாற்காலிக்காகத் திருத்தினாங்க.

அடுத்த வாரம் அந்தம்மாவை வாசல் நிழலில் உட்கார வைத்தோம். மடியில் ஒரு வெள்ளைத் துண்டு, கீழிருந்து முகத்துக்கு வெளிச்சம் கொடுக்க. திரையில் முகத்தின் மேல் விரலை வைத்து வெளிச்சத்தைக் கொஞ்சம் ஏற்றினாள் பெண். ஃபில்டர் இல்லை. அம்மா பார்த்துவிட்டு, 'பரவால்ல, இந்தவாட்டி பல்லு மட்டுமில்லாம ஆளும் தெரியுது' என்றாங்க.

இதே ரோட்டில் மேலே போனால் மேட்டுப்பாளையம் நடூர். 2019 டிசம்பர் 2 விடியற்காலை மழையில் சுவர் இடிந்து விழுந்து நம் சனம் 17 பேர் செத்துப்போனார்கள். அது தீண்டாமைச் சுவர் என்றார்கள் அந்த மக்கள். அன்றைக்கு எத்தனை கேமரா! முந்தின நாள் அந்தச் சுவரை யார் எடுத்தது? நம்மைப் படம் எடுக்க வெளியாள் வருவது நாம் செத்த அன்றைக்குத்தான். 'கக்கூஸ்' ஆவணப்படத்துக்குக் (2017) கேமரா பிடித்த பழனிகுமார், துப்புரவுத் தொழிலாளர், மீனவர் வீட்டுப் பிள்ளைகளின் கையில் கேமராவைக் கொடுத்துக் கற்றுத் தருகிறார். அதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது இதைத்தான்: பிள்ளைகள் முந்தின நாளே எடுக்க வேண்டும்.

ஆனால் இதில் நான் ஒரு தவறு செய்தேன். 'உங்க ஊர்ல இருக்கற சுவரை எடுத்துட்டு வாங்க' என்று சொல்லி அனுப்பினேன். ஒரு பையன் டீக்கடையை எடுத்தான். வெளியே தரையில் குந்தியிருந்தது அவன் அப்பா. போனைப் பிடுங்கிக்கொண்டார்கள். மறுநாள் அப்பாவைத் தோட்டத்து வேலைக்கு வர வேண்டாம் என்றுவிட்டார்கள். ஊர்ப் பேர் சொல்ல மாட்டேன், அந்தக் குடும்பம் இன்னும் அங்கதான் இருக்கு. நான் தனியாகப் போகப் பயப்படுகிற இடத்துக்கு ஒரு சின்னப் பையனைத் தனியாக அனுப்பினேன். வீரம் பேசினது நான், அடி வாங்கினது அவங்க.

இப்போது யாரும் தனியாகப் போவதில்லை. பெரியவர் ஒருத்தர் கூடப் போவார். எடுத்த படத்தின் மூலக் கோப்பை வெட்டாமல், திருத்தாமல் அன்றைக்கே இரண்டு இடத்தில் வைக்கிறோம். வாட்ஸப்பில் படமாக அனுப்பினால் சுருங்கி, எடுத்த நேர விவரம் போய்விடும். டாக்குமெண்டாக அனுப்ப வேண்டும். நாளைக்கு 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்கு என்று வந்தால் நீதிமன்றம் சான்றிதழோடுதான் மின்னணு ஆவணத்தை ஏற்கும். முன்பு சாட்சியச் சட்டம் 65-பி; 2024 ஜூலையிலிருந்து புதுச் சட்டத்தில் 63ஆவது பிரிவு. பத்தாவது படிக்கிற பிள்ளைக்கு இது எதுக்குன்னு கேக்காதீங்க. அந்தப் பிள்ளைக்குத்தான் வேணும்.

அந்தப் பையன் இரண்டு மாசம் வரவில்லை. பிறகு ஒருநாள் அவன் அக்காவுக்கு அரசாங்கம் கொடுத்த லேப்டாப்போடு வந்தான். கிரிட்டா என்கிற இலவச மென்பொருளை அதில் ஏற்றிக் கொடுத்தேன். பேனா இல்லை, மவுசை வைத்தே வரைந்தான். அதே டீக்கடை. அப்பா உள்ளே பெஞ்சில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறார். 'தம்பி, அங்க இப்பிடி இல்லியே' என்றேன். 'அதுக்குத்தாங்ணா வரைஞ்சேன்' என்றான்.

உங்க வீட்டுப் பரண்ல அந்த மாதிரி பழைய லேப்டாப் கிடந்தா வர்ற ஞாயித்துக்கிழமை கொண்டுவந்து குடுங்க. பேட்டரி போயிருந்தாலும் பரவால்ல, சார்ஜர் மட்டும் தேடி எடுத்துட்டு வாங்க. பதினோரு பேருக்கு இப்ப ரெண்டுதான் இருக்கு.