ஓய்வு நாளும் கூடும் நாளும்



கிறிஸ்தவர்கள் வாரத்தில் ஒரு நாளை வழிபாட்டிற்கென்று குறித்து வைத்துக்கொள்ள வேண்டுமா என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். இது குருமார் ஆராயவேண்டிய வினா என்று சிலர் எண்ணக்கூடும். அது அவ்வளவோடு நின்றிருந்தால், பாடசாலை அதிபராகிய நான் இதைப் பேச முன்வந்திரேன். ஆனால் இவ்வினாவை என்னிடம் கொணர்ந்தவன் என் மாணவன் ஒருவன்.

அவன் உயர்தர வகுப்பில் கற்பவன். எங்கள் சபையைச் சேர்ந்தவன். சில மாதங்களாக ஞாயிற்றுக்கிழமைகளில் ஆலயத்தில் அவனைக் காணவில்லை. காரணம் கேட்டேன். ஞாயிறு காலையில் அவனுக்குப் பிரத்தியேக வகுப்பு என்றான். பின்னர், சற்றுத் தயங்கி, "சேர், கடவுள் எல்லா நாளிலும் இருக்கிறார்தானே? செவ்வாய்க்கிழமை இரவில் நான் வீட்டிலிருந்து ஜெபித்தால் அவர் கேட்கமாட்டாரா?" என்றான். அப்பொழுது நான் ஏதோ சொல்லி அவனை அனுப்பிவிட்டேன். ஆயினும் அவ்விடை எனக்கே திருப்தி தரவில்லை. நேர்மையாகக் கேட்ட பிள்ளைக்கு நேர்மையான விடை அளிக்கவேண்டும் என்ற கடன் என்மீது இருந்தது. அக்கடனையே இன்று தீர்க்க முயல்கின்றேன்.

முதலில், அவன் பக்கத்து நியாயத்தை மறைக்காமல் ஒப்புக்கொள்வோம். புதிய ஏற்பாட்டில் ஞாயிற்றுக்கிழமையைக் கட்டாயம் ஆசரிக்க வேண்டும் என்ற கட்டளை எவ்விடத்தும் இல்லை. ஒருவன் ஒரு நாளை மற்றொரு நாளிலும் உயர்ந்ததாகக் கொள்வதும், வேறொருவன் எல்லா நாட்களையும் ஒப்பாகக் கொள்வதும் அவரவர் மனச்சாட்சியைப் பொறுத்தது என்ற கருத்தைப் பவுலடியார் உரோமருக்கு எழுதினார். ஓய்வு நாட்களைக் குறித்து எவரும் உங்களைக் குற்றப்படுத்த இடங்கொடாதீர்கள் என்ற பொருள்பட கொலோசெயருக்கும் எழுதினார். ஆகவே நாளை வைத்து மனிதனை நியாயந்தீர்ப்பவன் அப்போஸ்தலரின் போதனைக்கே மாறாக நிற்கின்றான்.

எந்த நாள் என்பதிலும் கிறிஸ்தவர் அனைவரும் ஒருமித்தவரல்லர். பத்துக் கற்பனைகள் கூறும் ஓய்வுநாள் ஏழாம் நாளாகிய சனிக்கிழமையே. திருநெல்வேலிச் சீமையில், நாசரேத்துப் பகுதியில், சட்டாம்பிள்ளை என்று அழைக்கப்பட்ட அருமைநாயகம் என்பார் ஆங்கில மிஷனரிமாருடன் பிணங்கிப் பிரிந்து, 1857ஆம் ஆண்டில் தமக்கென ஒரு சபையை நிறுவினார். அச்சபையார் சனிக்கிழமையையே ஓய்வுநாளாக ஆசரித்தனர். வெள்ளைக்கார மிஷனின் வழக்கத்தை நீக்கி வேதத்தின் வழக்கத்தைக் கைக்கொள்வதாக அவர்கள் கருதினர். ஏழாம் நாள் அட்வென்ரிஸ்த சபையாரும் சனிக்கிழமையில் வழிபடுபவரே. இவர்களுடைய பக்தியைக் குறைகூற எவருக்கும் உரிமையில்லை.

அப்படியானால் நாள் வேண்டாம் என்று முடிவு செய்துவிடலாமா? இவ்விடத்தில் நாம் ஒரு வேறுபாட்டைக் கவனிக்கவேண்டும். ஓய்வு வேறு, கூடுகை வேறு. ஓய்வு ஒருவன் தனியே கொள்ளக்கூடியது. கூடுகையோ மற்றவர்களும் வந்தாலொழிய நிகழாதது.

ஆதித் திருச்சபை ஞாயிறன்று ஓய்வெடுத்தது என்று பலர் எண்ணுகின்றனர். உண்மை அதுவன்று. அப்போஸ்தலர் நடபடிகளில் துரோவா பட்டினத்து நிகழ்ச்சியை நினைத்துப் பாருங்கள். வாரத்தின் முதல் நாளில் சீடர்கள் அப்பம் பிட்கக் கூடியிருந்தனர். அது இராக்காலம், மேல்வீட்டில் விளக்குகள் எரிந்தன. பவுலின் பிரசங்கம் நள்ளிரவு வரை நீண்டது. சாளரத்தில் உட்கார்ந்திருந்த ஐத்திகு என்னும் வாலிபன் உறங்கி மூன்றாம் மாடியிலிருந்து கீழே விழுந்தான். அவர் ஏன் இரவில் கூடினர்? பகல் முழுவதும் அவர்களுள் பலர் உழைக்கவேண்டியிருந்திருக்கும் என்றே நான் கருதுகிறேன். அந்த வாலிபனின் உறக்கத்தை ஓர் ஆசிரியன் என்ற முறையில் நான் கடிந்துகொள்ள மாட்டேன்.

ஏறக்குறைய கி.பி. 112இல் பித்தினியா நாட்டை ஆண்ட பிளினி என்ற உரோம அதிகாரி, கிறிஸ்தவரை விசாரித்துத் தன் பேரரசனுக்கு ஒரு கடிதம் வரைந்தான். குறித்த ஒரு நாளில் விடியுமுன் அவர்கள் கூடிக் கிறிஸ்துவைப் பாடுகிறார்கள், பின் கலைந்து சென்று மீண்டும் உணவருந்தக் கூடுகிறார்கள் என்பது அவன் அறிந்த செய்தி. கொன்ஸ்தந்தீன் பேரரசன் ஞாயிற்றை ஓய்வு நாளாக்கிச் சட்டம் விதித்தது கி.பி. 321இல். அச்சட்டத்திலும் உழவருக்கு விலக்கு இருந்தது. ஆகவே ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகள், அரசாங்க விடுமுறை இன்றியே கிறிஸ்தவர்கள் ஒரு நாளைக் காத்து வந்தனர். அவர்களிடம் ஓய்வு இல்லை, நாள் இருந்தது.

இது ஏதோ பழங்கதை என்று தள்ளிவிட வேண்டாம். நம் இலங்கைத் திருநாட்டிலேயே இதற்கு ஒரு சோதனை நிகழ்ந்தது. டட்லி சேனநாயக்க அவர்களின் ஆட்சியில் நிறைவேறிய 1965ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க விடுமுறைச் சட்டத்தின்படி, 1966ஆம் ஆண்டின் தொடக்கம் முதல் ஞாயிற்றுக்கிழமை வார விடுமுறையாக இல்லாது போயிற்று. அமாவாசை, பூரணை, அவற்றிற்கு இடைப்பட்ட இரண்டு அட்டமிகள் ஆகிய நான்கு போயா தினங்களே விடுமுறை நாட்களாயின. பௌத்த மக்கள் தங்கள் புனித நாளில் விகாரைக்குச் செல்ல ஓய்வு வேண்டினர்; அந்த வேண்டுகோளில் நியாயம் உண்டு என்பதை நாமும் உணரவேண்டும். அந்நிய ஆட்சியில் ஞாயிறு பெற்றிருந்த சலுகை அவர்களுடைய நாளுக்கு இருக்கவில்லை.

சந்திரன் ஒருமுறை வளர்ந்து தேய ஏறக்குறைய இருபத்தொன்பதரை நாட்கள் செல்லும். அதனை நான்காகப் பகுத்தால் ஏழு நாட்களுக்குச் சற்று மேற்படும். எனவே விடுமுறை ஒரு கிழமையில் நிலைத்து நில்லாது நகர்ந்துகொண்டே சென்றது. ஞாயிறு பெரும்பாலும் வேலை நாளாயிற்று. கந்தோர் லிகிதரும் துறைமுகத் தொழிலாளியும் ஆசிரியரும் மாணவரும் ஞாயிறன்று கடமைக்குச் சென்றனர். வெளிநாட்டு வாணிபத்தோடு நாட்கள் பொருந்தாமற் போன இடர்ப்பாட்டினால், 1971இல் சிறிமாவோ பண்டாரநாயக்க அவர்களின் ஆட்சியில் ஞாயிறு மீண்டும் விடுமுறையாயிற்று. பூரணைப் போயா விடுமுறை மட்டும் இன்றளவும் தொடர்கின்றது.

அந்த ஐந்தாண்டுக் காலத்தை அறியும் வயது எனக்கு வாய்க்கவில்லை. அதனை அறிந்த முதியோர் சொல்லக் கேட்டிருக்கின்றேன். ஆலயங்கள் நாளை மாற்றவில்லை, நேரத்தை மாற்றின. அதிகாலையிலும் அந்தியிலும் மணி ஒலித்தது. பாடசாலைச் சீருடையோடு பிள்ளைகள் ஆராதனைக்கு வந்து, அங்கிருந்து வகுப்பிற்குச் சென்றனராம். சட்டம் விடுமுறையை எடுத்துக்கொண்டது, கூடுகையை எடுக்கவில்லை. அதை எடுக்கக்கூடியவர்கள் சபையாரே என்பதை அக்காலம் காட்டிற்று.

இதற்கு நேர்மாறான ஒரு சோதனையைச் சோவியத் நாடு செய்து பார்த்தது. 1929இல் அங்கே ஐந்து நாள் வாரம் ஏற்படுத்தப்பட்டது. தொழிலாளர்களை ஐந்து பிரிவாக்கி, ஒவ்வொரு பிரிவினருக்கும் வெவ்வேறு நாளில் ஓய்வு அளித்தனர். ஓய்வுக்குக் குறைவில்லை, நான்கு நாள் வேலை, ஒரு நாள் ஓய்வு. ஆனால் கணவனுக்கு ஓய்வு கிடைத்த நாளில் மனைவி தொழிற்சாலையில் இருக்க நேர்ந்தது; நண்பர் கூட இயலவில்லை; வழிபாட்டுக் கூட்டமும் குலைந்தது. 1931இல் அத்திட்டத்தை ஆறு நாள் வாரமாக மாற்றினர். 1940இல் ஏழு நாள் வாரத்திற்கே திரும்பினர். எல்லோருக்கும் ஓய்வு இருந்தும், ஒருவரோடொருவர் சேரும் நாள் இல்லையாயின் அந்த ஓய்வினால் சமூகம் வாழாது.

என் மாணவனுடைய வினாவுக்கு விடை இங்கேதான் இருக்கின்றது. செவ்வாய் இரவில் அவன் செய்யும் ஜெபத்தைக் கடவுள் கேட்பார். அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் செவ்வாய் இரவில் அவனுக்குப் பக்கத்தில் அமர்ந்து பாட எவர் இருப்பார்? அவன் குரல் கேளாமல் வாடும் முதியவள் ஒருத்தி ஆலயத்தின் பின்வரிசையில் இருக்கக்கூடும். ஒவ்வொருவரும் தத்தமக்கு வசதியான நாளைத் தெரிந்துகொண்டால் ஜெபிப்பவர் பலர் இருப்பர், சபை இராது.

நம் அயலவரைப் பாருங்கள். திருகோணமலையில் வெள்ளிக்கிழமை நண்பகலில் முஸ்லிம் சகோதரர் கடையை அடைத்துப் பள்ளிவாசலுக்குச் சென்று, தொழுகை முடிந்ததும் மீண்டும் கடையைத் திறக்கின்றார். முழுநாள் ஓய்வு அவருக்குத் தேவைப்படவில்லை. குறித்த நேரமே தேவைப்பட்டது. கோணேசர் ஆலயத்திற்கும் பத்திரகாளி கோயிலுக்கும் வெள்ளிதோறும் செல்லும் சைவ மக்களும் அந்த நாளை ஒருவரோடொருவர் பகிர்ந்துகொள்கின்றனர். குவைத்திலும் கட்டாரிலும் வாழும் நம் கிறிஸ்தவர்கள், அங்கே வெள்ளியே விடுமுறையாதலால், அன்றே பெருந்திரளாக ஆலயத்திற் கூடுகின்றனர். நாள் மாறலாம், ஆனால் அது அனைவருக்கும் பொதுவான நாளாக இருக்கவேண்டும்.

அந்தப் பொதுநாளுக்கு நம் மாகாணம் கொடுத்த விலை சிறிதன்று. 2019ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறு காலையில், மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்திலே பிள்ளைகளும் மாண்டனர். மக்கள் எந்நாளில் எங்கே கூடுவர் என்பதைக் கொலைஞர் அறிந்திருந்தனர். அடுத்த ஞாயிறன்று கத்தோலிக்கர் தம் ஆலயங்களிற் கூட இயலாது, கொழும்பில் கர்தினால் ஒப்புக்கொடுத்த திருப்பலியைத் தொலைக்காட்சியிற் கண்டனர். பின்னர் கதவுகள் திறந்தபோது மக்கள் திரும்பி வந்தனர். விடுமுறை நாள் என்பதற்காக மட்டும் எவரும் அவ்வாறு திரும்பி வந்திரார்.

ஆயினும் ஓர் எச்சரிக்கை. இந்நாளைக் காப்பவர், காக்க இயலாதவரை இகழலாகாது. வைத்தியசாலையிற் கடமை செய்யும் தாதியும், கப்பலிற் சரக்கு இறக்கும் தொழிலாளியும், கடலில் வலை விரித்த மீனவரும் ஞாயிறு காலையில் வர இயலாதிருக்கலாம். அவர்களுக்காக அந்தியில் ஒரு மணிநேரம் ஒதுக்குவது சபையின் கடன். அவ்வாறே பிள்ளைகளின் ஞாயிறு காலையை வகுப்புகளுக்கு விற்றுவிடாதிருப்பது பெற்றோரின் கடன். ஆசிரியராகிய எங்களின் கடனும் அதுவே. ஞாயிறு காலை அறநெறிப் பாடசாலைக்கும் தஹம் பாடசாலைக்கும் செல்லும் சைவ, பௌத்த பிள்ளைகளுக்கும் இது பொருந்தும்.

அந்த மாணவனை அடுத்த நாள் மீண்டும் அழைத்தேன். வகுப்பை விட்டுவிடு என்று நான் கட்டளையிடவில்லை. அந்தி ஆராதனையின் நேரத்தை மட்டும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்து, "நீ வராவிட்டால் கடவுள் உன்னைத் தேடுவாரோ அறியேன், தம்பி, நாங்கள் தேடுவோம்" என்றேன். அவன் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சென்றான்.