கலத்தின் வாயிற்காவலர்

அரண் எத்துணை உயர்ந்ததாயினும், பகைவன் உட்புகுவதும் திரும்பிச் செல்வதும் வாயிலில் நிற்போரைப் பொறுத்தனவே. தாவரத்தின் கலத்திற்கும் இவ்வுண்மை பொருந்தும்.

சில செடிகளில், தண்டும் வேரும் கூடுமிடத்தில் கழலை போன்ற வீக்கம் தோன்றுவதுண்டு. அதனை உண்டாக்குவது மண்ணில் வாழும் அக்கிரோபற்றீரியம் என்னும் நுண்ணுயிரே என்பதை, 1907ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர்களான எர்வின் சிமித்தும் தவுன்செண்டும் நிறுவினர். ஆனால், அது செய்யும் சூழ்ச்சி 1977ஆம் ஆண்டிலேதான் தெளிவாயிற்று. தன் பரம்பரையலகுகள் சிலவற்றை அது செடியின் கலத்தினுட் செலுத்திவிடுகின்றது. அவை செடியின் பரம்பரைப் பொருளோடு இணைந்துவிட, கலம் அவற்றின் ஏவலுக்குட்பட்டுக் கட்டின்றிப் பெருகுகின்றது. கழலை தரும் அலகுகளை நீக்கி, வேண்டிய அலகுகளை வைத்தனுப்பும் முறை 1983ஆம் ஆண்டளவிற் கைகூடியது. பகைவன் தூதுவனானான்.

எனினும், எல்லாச் செடிகளும் அத்தூதுவனை ஒருபடித்தாக ஏற்பதில்லை. அதற்குரிய காரணங்களுட் சில, கலத்தின் மேற்பரப்பிலுள்ள புரதங்களிற் காணப்பட்டன. அரபிடொப்சிசு என்பது கடுகின் குடும்பத்தைச் சேர்ந்த சிறு செடி. அதன் வேர்க்கலங்களின் மேற்பரப்பில், சர்க்கரைச் சங்கிலிகள் செறிந்த புரதமொன்று உண்டு. அப்புரதம் குன்றிய செடிகளின் வேரில் பற்றீரியா நன்கு ஒட்டிக்கொள்வதில்லை; பரம்பரையலகு மாற்றமும் அருகிவிடுகின்றது. வந்தவனுக்குக் கைகொடுக்கும் புரதம் அது.

தடுக்கும் புரதமும் உண்டு. ஈ. எவ். ஆர். எனப்படும் புரதம் கலத்தின் மென்சவ்வில் நின்று, பற்றீரியாவுக்குரிய புரதமொன்றை இனங்காண்கின்றது. பற்றீரியாவின் வாழ்வுக்கு இன்றியமையாததாகையால், அவ்வடையாளத்தை அது எளிதிற் களைந்துவிட இயலாது. கண்டவுடன் கலம் எச்சரிக்கை பெற்று எதிர்க்கின்றது. இக்காவலன் இல்லாத செடிகளில் பரம்பரையலகு மாற்றம் மிகுதியாய் நிகழ்வதை 2006ஆம் ஆண்டின் ஆய்வு காட்டியது.

இயற்கையில் இக்காவலனைப் பெறாத தக்காளிக்கு, அதற்குரிய பரம்பரையலகை அறிஞர் வழங்கினர். அச்செடி வாடல் நோய் தரும் பற்றீரியாவை முன்னிலும் வன்மையாய் எதிர்த்தது என்பது 2010ஆம் ஆண்டில் வெளியாயிற்று.

ஆய்வுகூடத்தில் காவலன் சற்றே கண்ணயர வேண்டும். வயலிலோ அவன் விழித்திருக்க வேண்டும். புதிய பயிரை ஆக்க விழைவோரும் உள்ள பயிரைக் காக்க விழைவோரும் ஒரே வாயிலிலேயே வந்து நிற்கின்றனர். எந்தக் காவலனை எங்கே நிறுத்துவது என்பதை அறிவதே இவ்வறிவியலின் பயனாகும்.