மண்ணுக்குள் மறைந்தவை



புதுக்கோட்டைச் சீமையில் பிறந்தவர்களுக்கு, காலடி மண்ணுக்குள் என்ன இருக்கிறதோ என்ற எண்ணம் இளமையிலேயே தோன்றிவிடும். இது தனிச் சமஸ்தானமாக இருந்த காலத்தில், 1898ஆம் ஆண்டில், ஆலங்குடிப் பக்கத்துக் கருக்காக்குறிச்சியில் 501 உரோமானியப் பொற்காசுகள் கிடைத்தன. அவற்றுள் மிகப் பலவற்றில் பேரரசரின் தலைமீது உளியால் வெட்டிய தழும்பு இருந்தது. அந்தக் காசுகள் கிடைத்தபோதே ஏறத்தாழ ஆயிரத்து எண்ணூறு ஆண்டுகள் பழமையானவை. இடையில் எத்தனை தலைமுறையினர் அந்தப் பக்கம் நடந்திருப்பார்கள்! ஒருவருக்கும் கீழே கிடப்பது தெரியவில்லை. மண் அத்துணை அழுத்தமாக வாய்மூடி இருக்கவல்லது.

பொன் கிடக்கட்டும். நமக்கு என்றும் வேண்டியது தண்ணீர். நம் மாவட்டத்தின் மேற்குப் பகுதி பெரும்பாலும் கெட்டிப் பாறை. குடுமியான்மலையும் நார்த்தாமலையும் திருமயத்துக் குன்றும் அந்தப் பாறையின் வெளியே தெரியும் முதுகுகள். அத்தகைய நிலத்தில் நீர் எல்லா இடத்திலும் பரவிக் கிடப்பதில்லை. பாறை சிதைந்து இளகிய மேற்பகுதியிலும், ஆழத்திலுள்ள வெடிப்புகளிலும்தான் அது தங்கும். ஒரு வயலில் ஊற்று பொங்கும். வரப்புக்கு அப்பால் முந்நூறு அடி போனாலும் வெறும் கல்தூள்தான் பறக்கும். கடன் வாங்கிக் கிணறு இறக்கும் குடியானவனுக்கு இதைவிடப் பெரிய சூதாட்டம் வேறில்லை.

ஆகவேதான் நீரோட்டம் பார்ப்பவர்கள் ஊருக்கு ஒருவராவது இருந்தார்கள். கவைக்குச்சியைப் பிடித்துக்கொண்டோ, உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டோ அவர்கள் நடப்பதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். நான் அவர்களை எள்ளி நகையாட மாட்டேன். புற்று எங்கே வளர்ந்திருக்கிறது, எந்த மரம் கோடையிலும் பச்சையாக நிற்கிறது, தரை எங்கே தாழ்கிறது என்பனவற்றையெல்லாம் அவர்கள் கண் அறியும். வராகமிகிரர் ஆறாம் நூற்றாண்டிலேயே பிருகத் சம்ஹிதையில் இத்தகைய அடையாளங்களுக்கென்றே ஓர் அதிகாரத்தை ஒதுக்கினார். கண்ணறிவை ஒப்புகிறேன், தேங்காய்க்கு அறிவு உண்டு என்பதை மட்டும் ஒப்பமாட்டேன்.

இந்தத் தொழிலுக்கு விஞ்ஞானம் தந்த கருவியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 1912ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் கான்ராட் ஷ்லும்பர்ஷே நிலத்துக்குள் மின்சாரத்தைச் செலுத்தி அடிமண்ணை ஆராயும் முயற்சியைத் தொடங்கினார். அதன் வழி எளிது. தரையில் ஒரே நேர்கோட்டில் நான்கு கம்பிகளை நடுகிறார்கள். வெளிப்புறத்து இரண்டின் வழியே மின்சாரத்தை மண்ணுக்குள் விடுகிறார்கள்; உட்புறத்து இரண்டின் வழியே மின்னழுத்த வேறுபாட்டை அளக்கிறார்கள். இவ்விரண்டு அளவுகளையும் கம்பிகளின் இடைவெளியையும் கொண்டு மண்ணின் மின்தடையைக் கணக்கிடலாம். வெளிக்கம்பிகளை அகற்றி நடுந்தோறும் மின்சாரம் மேலும் ஆழமாக இறங்கி வரும். மேலே நின்றபடியே அடுக்கடுக்காகக் கீழே இறங்குவது போன்றது இது. உலர்ந்த கருங்கல் மின்சாரத்தைப் பெரிதும் தடுக்கும். நீர் ஊறிய சிதைபாறை அவ்வளவாகத் தடுக்காது. தடை குறையும் ஆழத்தில் நீர் இருக்கக்கூடும்.

'இருக்கக்கூடும்' என்று சொன்னதைக் கவனிக்க வேண்டும். ஈரக் களிமண்ணிலும் தடை குறையும். மணமேல்குடி, கோட்டைப்பட்டினம் போன்ற கடலோரங்களிலே உப்புநீர் இருந்தாலும் தடை குறையும். இது நல்ல தண்ணீர், இது உப்புத் தண்ணீர் என்று கருவி பெயர் சொல்லாது. கருவி பொருளை அறிவதில்லை, வேறுபாட்டையே அறிகிறது. அந்த வேறுபாடு இன்னது என்று சொல்லவேண்டியவன் மனிதன். வகுப்பில் இதனைப் பல முறை சொல்லியிருக்கிறேன். மாணவர்கள் தலையை அசைப்பார்கள். பரீட்சைத் தாளில் 'கருவி நீரைக் காட்டும்' என்றே எழுதுவார்கள்.

மறைபொருளைத் தேடும் மற்றக் கருவிகளுக்கும் இதே நியதிதான். திருவிழாக் கூட்டத்திலே காவலர்கள் நிறுத்தும் சட்டத்தின் வழியாக நாம் நுழைகிறோம். அது ஒரு காந்தப்புலத்தை உண்டாக்கி, உலோகத்தால் அதில் நேரும் மாற்றத்தைக் கண்டு ஒலிக்கிறது. கத்தியானாலும் அரைஞாண் கொடியானாலும் அதற்கு ஒன்றே. கீழடி போன்ற இடங்களில் தொல்லியலார் பயன்படுத்திய தரை ஊடுருவும் ராடாரோ, வானொலி அலையை மண்ணுக்குள் அனுப்பி அதன் எதிரொலியைக் கேட்கிறது. ஈரக் களிமண் அந்த அலையை விழுங்கிவிடும்.

தொலைபேசியைக் கண்ட கிரஹாம் பெல்லின் கதை ஒன்று உண்டு. 1881ஆம் ஆண்டில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கார்பீல்டு சுடப்பட்டார். உடலுக்குள் குண்டு எங்கே தங்கியது என்று மருத்துவர்களுக்குப் புலப்படவில்லை. பெல் மின்கருவி ஒன்றைச் செய்துகொண்டு வந்து தேடினார். கட்டிலின் மெத்தையிலே எஃகுச் சுருள்கள் இருந்தன. அவை கருவியைக் குழப்பின. மேலும், தலைமை மருத்துவர் வலப்பக்கத்தில் மட்டுமே தேட இசைந்தார். குண்டு இடப்பக்கத்தில் இருந்தது. கருவி நல்ல கருவிதான்.

இனி, நான் சொல்ல வந்த மறைபொருளுக்கு வருகிறேன். அது கைவிடப்பட்ட ஆழ்துளைக் கிணறு.

2019ஆம் ஆண்டு அக்டோபர் 25ஆம் நாள் மாலை, நம் விராலிமலைக்கு மேற்கே, மணப்பாறையை அடுத்த நடுக்காட்டுப்பட்டியில், இரண்டு வயதுக் குழந்தை ஒன்று அத்தகைய குழிக்குள் விழுந்தது. முதலில் முப்பது அடிக்கும் குறைவான ஆழத்தில் தங்கியிருந்த குழந்தை, பிறகு நழுவி எண்பத்தெட்டு அடிக்குப் போயிற்று. கேமராவை இறக்கினார்கள், குழந்தையின் கை தெரிந்தது. வெப்பத்தை உணரும் கருவியையும் கொண்டுவந்தார்கள். பக்கத்திலே வேறொரு குழி தோண்டப் பெரும் இயந்திரங்கள் வந்தன. நம் நாட்டுக் கெட்டிப் பாறை அவற்றுக்கு வழிவிடவில்லை. நாடே விழித்திருந்தது. 29ஆம் நாள் விடியுமுன் உயிரற்ற உடலைத்தான் எடுக்க முடிந்தது. பார்க்க முடிந்தது, எட்ட முடியவில்லை.

எட்டியதும் உண்டு என்பதைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. மதுரையைச் சேர்ந்த மணிகண்டன் என்பார், கேமராவும் பற்றும் கரங்களும் உடைய கருவி ஒன்றைக் கிணற்று வாய்க்கு ஏற்ற பருமனில் அமைத்தார். 2014ஆம் ஆண்டு ஏப்ரலில், சங்கரன்கோயிலுக்கு அருகிலுள்ள குத்தாலப்பேரியில் விழுந்த மூன்று வயதுச் சிறுவனை அது உயிருடன் மேலே கொண்டுவந்தது. ஆனால் ஆழமும், குழியின் விட்டமும், குழந்தை சிக்கியிருக்கும் நிலையும் ஒத்துழைத்தால்தான் அதுவும் வெல்லும்.

விழுந்த பிறகு தேடுவதைவிட, விழுமுன்னே இந்தக் குழிகளைக் கருவிகொண்டு கண்டுபிடித்துவிடலாகாதா என்று ஓர் இளைஞர் என்னைக் கேட்டார். நல்ல கேள்வி. இரும்புக் குழாய் உள்ளே இருந்தால், உலோகம் உணரும் கருவி கண்டுவிடும். ஆனால் நடப்பது என்ன? கிணறு வற்றியதும் மோட்டாரைக் கழற்றுகிறோம். அடுத்த கிணற்றுக்கு ஆகுமே என்று கேசிங் குழாயையும் உருவிக்கொள்கிறோம். வாயின்மேல் ஒரு சாக்கையோ, சோளத்தட்டையையோ போட்டு நான்கு கூடை மண்ணைத் தள்ளுகிறோம். ஒரு மழையில் புல் முளைத்துவிடுகிறது. இப்போது அங்கே கருவி உணர இரும்பு இல்லை. பிளாஸ்டிக் குழாயை விட்டுவைத்தாலும் அதற்குத் தெரியாது. ராடார் ஒருவேளை காட்டலாம். ஒவ்வொரு காட்டிலும் கொல்லையிலும் அடிக்கு அடி ராடாரை இழுத்துச் செல்பவர் யார்? ஆறரை அங்குல வாய் பெரியவர் காலை இடறும், குழந்தையை விழுங்கிவிடும். அது எங்கே இருக்கிறது என்று அறிந்தவன், தோண்டியவன் ஒருவனே.

ஆகையால் எழுதி வைப்பதே இதற்குரிய கருவி. உச்ச நீதிமன்றம் 2010ஆம் ஆண்டிலேயே இதைச் சொல்லிவிட்டது. தோண்டுவதற்குப் பதினைந்து நாள் முன்னர் அறிவிக்க வேண்டும். குழாயைச் சுற்றிச் சிமெண்டு மேடை கட்ட வேண்டும். மோட்டாரைப் பழுதுபார்க்க எடுத்தால்கூட வாயைத் திறந்து விடலாகாது. கைவிட்ட கிணற்றை அடியிலிருந்து நிலமட்டம் வரை களிமண், மணல், கூழாங்கல், துளைத்த கல்தூள் கொண்டு நிரப்ப வேண்டும். தமிழ்நாட்டு அரசும் 2015ஆம் ஆண்டில் ஊராட்சிகளுக்கென விதிகள் வகுத்தது. நடுக்காட்டுப்பட்டி நிகழ்ந்தது அதற்கும் நான்கு ஆண்டுகள் கழித்து.

அந்த அக்டோபருக்குப் பின் வந்த கோடை விடுமுறையில், எங்கள் ஊர்ப் பிள்ளைகள் சிலரைச் சேர்த்துக்கொண்டு நான் கொல்லைகளில் சுற்றினேன். கையில் ஒரு நோட்டுப் புத்தகமும் அளவு நாடாவுமே இருந்தன. பிள்ளைகளில் ஒருவனுடைய அண்ணனின் கைபேசி இடத்தின் அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் காட்டியது, அதையும் குறித்துக்கொண்டோம். கிழவர்களிடம்தான் முதலில் போனோம். "அந்தப் புளியமரத்துக்குத் தெக்கே ஒண்ணு போட்டாரு எங்க மச்சான், தண்ணி வரலே" என்று அவர்கள் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் எழுதினார்கள். சொன்னவர்களில் இருவர் இன்று இல்லை. அவர்களோடு போயிருக்க வேண்டிய இரண்டு குழிகள் எங்கள் நோட்டில் இருக்கின்றன.

நிலத்துக்காரர் சிலர் முகம் சுளித்தார்கள். ஊராட்சியில் சொல்லி அபராதம் போட வைப்போம் என்று அஞ்சினார்கள் போலும். ஒருவர் மட்டும் எங்களை உட்காரவைத்து மோர் கொடுத்தார். மறுநாள் காலை டிராக்டரில் கிராவல் வந்து இறங்கியது. பிள்ளைகளே கூடையால் அள்ளிப் போட்டார்கள். முதல் கூடையைக் கொட்டியதும் அது கீழே போய் விழும் ஓசைக்காக எல்லாரும் காது கொடுத்தார்கள். நெடுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, குழி வாயிலிருந்து ஓர் அடி பின்னால் நகர்ந்து நின்றார்கள்.